இடது காலும் வலது காலுமாக ஒரு கேம்ஷாஃப்ட்

சம்பந்தி,

நேற்று சாயங்காலம் கம்பெனி கேட்டில் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

பதறாதீர்கள், தோல் எதையும் திருடவில்லை. இத்தனை வருஷம் ஷூவுக்குப் பேட்டர்ன் வெட்டிப் பிழைக்கிறவன், திருடுகிற சாமர்த்தியம் இருந்திருந்தால் இதற்குள் என் காலுக்கு ஒரு ஜோடியாவது நல்லதாகப் போட்டிருப்பேன். வேலை முடிந்து வெளியே வரும்போது எல்லார் பையையும் திறந்து பார்ப்பது எங்கள் வழக்கம். செக்யூரிட்டி ஆள் புதுசு. திமிரி ஊர்க்காரர், கடமையில் கண்டிப்பு. என் டிபன் பைக்குள் கையை விட்டு, ஊறுகாய் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு இரும்புத் தண்டை உருவினார். விரல் நீளம்தான். நடுவில் முட்டை வடிவத்தில் இரண்டு புடைப்பு.

"இன்னா சார் இது?"

"கேம்ஷாஃப்ட். இன்ஜினுக்குள்ள சுத்தறது. வால்வைத் திறந்து திறந்து மூடும்."

"நம்ம கம்பெனில இன்ஜின் செய்றாங்களா?"

"இல்லப்பா, இது வீட்டுது."

"வீட்டுதுன்னா டிபன் பையில எதுக்கு சார் இருக்குது?"

நியாயமான கேள்வி. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் "யோவ், பஸ்ஸு பூடும்யா" என்று சத்தம் போட, அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, வெடிக்காது என்று முடிவு செய்து திருப்பிக் கொடுத்தார். நானும் முகர்ந்து பார்த்தேன். மெஷின் ஆயிலும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கலந்த வாசனை. அப்போதுதான் நினைத்தேன்: நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நின்று, இன்ஜினுக்கு நாலு வேலை, இரண்டு சுற்று என்று அவருக்குப் பாடம் எடுத்திருப்பீர்கள். மொத்த ஷிப்டும் பஸ்ஸை விட்டிருக்கும்.

நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஆரம்பித்ததே ஒரு அதிசயம் அல்லவா? என் பையன் சாமுக்கும் உங்கள் பியூலாவுக்கும் கல்யாணம் ஆன அன்றே இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் எழும்பிவிட்டது. காரணம் கத்தரிக்காய். வேலூரில் உங்கள் சர்ச் ஹாலில் விருந்து. பிரியாணி மலை மாதிரி இருந்தது, கத்தரிக்காய்க் குழம்பு இரண்டாம் பந்தியிலேயே தீர்ந்துபோனது. எங்கள் பெரியப்பா கையை உதறிக்கொண்டு எழுந்து, "ஆம்பூர்க்காரனைக் கூப்ட்டு கத்தரிக்கா இல்லாம பிரியாணி போட்ற அளவுக்கு இன்னா தைரியம்?" என்று மைக் இல்லாமலே முழங்கினார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நாம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் ஆய்வு அதிகாரிகள் மாதிரி போய்வந்தோம். நீங்கள் மக்கன்பேடா இனிப்பு கொண்டுவருவீர்கள். நான் பழம் கொண்டுவருவேன். மழையைப் பற்றிப் பேசுவோம். வேலூரில் மழை எவ்வளவு பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும். பேச்சு எவ்வளவு நேரம் ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு வருகையில், கை கழுவப் பின்பக்கம் போனவன் உங்கள் கார் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்ப்பது என் பிறவிக் குணம். கார் இல்லை. ஒரு சின்ன லேத் மெஷின் இருந்தது. பக்கத்து மேஜையில் பழைய பெட்ஷீட் போர்த்தி ஏதோ படுத்திருந்தது. தூக்கிப் பார்த்தால், ஒரு சொம்பு அளவுக்கு இன்ஜின். சிலிண்டர், பிஸ்டன், பளபளவென்று ஒரு சக்கரம். மருந்துத் தெளிப்பானிலிருந்து கழற்றிய கார்புரேட்டர்.

"தொட்டுப் பாக்கலாம் சம்மந்தி. கடிக்காது" என்று பின்னால் உங்கள் குரல் கேட்டது.

"ஓடுமா?"

"ஓடணும்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் இருந்த சோர்வு அன்று எனக்குப் புரியவில்லை.

புரிந்தது எங்கள் வீட்டில். கிறிஸ்மஸுக்குள் தொப்பையைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று நான் சபதம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பியூலா தோசையைத் திருப்பிக்கொண்டே, "ஆமா மாமா, அப்பா இன்ஜின் ஓடறப்போ கொறையும்" என்றாள். விசாரித்தால், அது உங்கள் குடும்பத்தின் சொந்தச் சொல். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீங்கள் ஆரம்பித்த இன்ஜின். அவள் நர்சிங் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, கைக்குழந்தையும் வந்துவிட்டது. நடக்காத காரியம் எதுவானாலும் உங்கள் வீட்டில் அதற்கு ஒரே தேதிதான்: அப்பா இன்ஜின் ஓடறப்போ.

வாயில் எதுவும் தங்காத எனக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்த முறை வந்தபோது சிரித்துக்கொண்டே உங்களிடமே சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"எனக்குத் தெரியும் சம்மந்தி. வெளாட்டுக்குத்தான் சொல்றா. ஆனா இப்ப நான் இன்னா சொன்னாலும் அந்தக் கணக்குலதான் போவுது. வர்ற ஞாயித்துக்கெழம வந்து கொழந்தையப் பாக்குறேன்னு சொன்னாக்கூட, சரிப்பாங்கறா பாருங்க, அந்த சரியிலேயே அது தெரியுது." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "பேத்தி பேச ஆரம்பிக்கறதுக்குள்ள ஓடணும். அவளும் அதையே கத்துக்கினா என்னால தாங்க முடியாது" என்றீர்கள்.

நம் பேத்தி அப்போது ஆம்பூரில் தொட்டிலில் கிடந்து கால் கட்டைவிரலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கைவசம் அவ்வளவு காலம்தான் இருந்தது.

எல்லாம் தயாராக இருந்தும் நின்றுபோனது கேம்ஷாஃப்டில். நீங்கள் முறுக்கையும் வாழைப்பழத்தையும் வைத்து எனக்கு விளக்கியது நினைவிருக்கிறதா? இன்ஜின் உள்ளே இழுக்கும், அமுக்கும், எரிக்கும், வெளியே தள்ளும். இந்த நாலு வேலைக்கும் பெரிய தண்டு இரண்டு சுற்று சுற்றும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு தடவைதான் திறக்க வேண்டும். அதனால் கேம்ஷாஃப்ட் பாதி வேகத்தில் சுற்றும். "பெருசு ரெண்டு சுத்து ஓடி வேல செஞ்சா, சின்னது ஒரு சுத்து" என்றீர்கள். எங்கள் வீட்டில் யார் பெருசு, யார் சின்னது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் வீட்டம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

"கடையில கெடைக்காதா?" என்று கேட்டேன்.

"கெடைக்கும். அத மாட்டுனா அது அவங்க இன்ஜின்."

அந்த முட்டை வடிவத்தில்தான் எல்லாம் இருந்தது. வட்டமான பக்கம் வரும்போது வால்வு மூடிக் கிடக்கும். மூக்கு வரும்போது திறக்கும். எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம், எந்தச் சரிவில் ஏறி எந்தச் சரிவில் இறங்குவது என்பதெல்லாம் அந்த வளைவுக்குள் இருக்கிறது. நீங்கள் மூன்று வளைவு வரைந்து வைத்திருந்தீர்கள், பல வருஷமாக. எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி பர்ச்சேஸ் செக்‌ஷனில் உட்கார்ந்தே தலை நரைத்த மனிதர் நீங்கள். மூன்று கொட்டேஷன் வாங்கிப் பழகியவர். இங்கே மூன்றையும் கொடுத்தவர் நீங்களே, முடிவெடுக்க வேண்டியவரும் நீங்களே, மேலே கையெழுத்துப் போட ஆளே இல்லை. நானோ, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் காலையில் கேட்டால் சாயங்காலம் சாம்பிள் காட்டுகிற ஜாதி. தப்போ சரியோ, வெட்டிவிடுவோம்.

"வளைவுதானே சம்மந்தி? வுடுங்க, நான் போடறேன்" என்றேன். இந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் நான் சொன்ன இடமெல்லாம் ஏதாவது வளைந்துதான் போயிருக்கிறது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆம்பூரில் பஸ் ஏறிவிடுவேன். என் வீட்டம்மா, நாம் நகை விஷயமாக ரகசியப் பேச்சு நடத்துகிறோம் என்று நினைத்தாள். சம்பந்தியம்மா, நாம் ஷெட்டுக்குள் குடிக்கிறோம் என்று நினைத்து இரண்டு முறை காபி என்ற பெயரில் சோதனைக்கு வந்தார்கள். இரண்டு முறையும், காலாட்டிக்கொண்டு டிகிரி கணக்கு போடும் இரண்டு கிழட்டுப் பூனைகளைத்தான் பார்த்தார்கள். பாவம், அவர்களுக்கு ஏமாற்றம்.

புகையைத் தள்ளும் வால்வு மூடுவதற்குள்ளேயே காற்றை இழுக்கும் வால்வு கொஞ்சம் திறந்துவிட வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. "ரெண்டும் ஒரே நேரத்துல தொறந்திருந்தா பேஜார்தானே?" என்றேன்.

"உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல எறங்கறவன் எறங்கி முடிக்கற வரைக்கும் ஏர்றவன் காத்துனு இருக்கானா?"

"எவன் இருப்பான்?"

"இங்கயும் அதேதான். ஆனா அளவா ஏறணும். ஜாஸ்தி ஆனா ரெண்டு பேரும் படியிலயே மாட்டிக்குவானுங்க."

பேட்டர்ன் அட்டையில் அந்த வளைவைப் பத்து மடங்கு பெரிதாகப் போட்டு வெட்டி, சாப்பாட்டுத் தட்டு அளவில் கொண்டுவந்தேன். நீங்கள் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினீர்கள்.

"சுத்திவர ஓரத்துல கொஞ்சம் ஜாஸ்தி இருக்கே, ஏன்?"

"மடிக்கறதுக்கு வுட்டது."

"எத மடிக்கறது?"

"ஓரத்த."

"சம்மந்தி, இது இரும்பு."

ஷூவில் தோலின் ஓரத்தை உள்ளே மடித்துத்தான் தைப்போம். அந்த மடிப்புக்கு இடம் விடாமல் என் கை அட்டையை வெட்டாது. அன்று நீங்கள் லேத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், கத்தரிக்காய்ச் சுவர் இடிந்து விழுந்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகு நாம் மழையைப் பற்றிப் பேசவே இல்லை.

ஓரத்தை வெட்டிவிட்டுத் திருத்தமான அட்டையைக் கொடுத்தேன். சட்டென்று ஏறி மெதுவாக இறங்கும் சரிவு. வால்வு வேகமாகத் திறக்க வேண்டும், மூடும்போது பூப்போல உட்கார வேண்டும் என்பது உங்கள் ஆசை. மூன்று கொட்டேஷனில் கடைசியில் நீங்கள் தேர்ந்தெடுத்தது அதைத்தான். இரண்டாவது வால்வுக்கும் அதே வளைவு என்றீர்கள். செய்தேன். நீங்கள் அட்டையிலிருந்து ஒவ்வொரு டிகிரியாக அளந்து, பத்தில் ஒன்றாகச் சுருக்கி, ஒரே இரும்புத் தண்டில் இரண்டு முட்டையையும் அரம் பிடித்து ராவி எடுத்தீர்கள். வாரக்கணக்கில் ராவினீர்கள். பேத்தி அதற்குள் குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நின்று, "கா" என்று காக்காவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் அந்தக் "கா"வைக் கேட்டதும் வெளிறிப்போனீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னீர்கள். பியூலா, சாம், இரண்டு அம்மாக்கள், சம்பந்தியம்மா இடுப்பில் பேத்தி. நான் சக்கரத்தில் பூட்ஸ் லேஸைச் சுற்றி இழுக்கப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"இருங்க. மொதல்ல கையால ஒரு சுத்து சுத்திப் பாக்கணும்."

எதற்கும் நீங்கள் சொல்வது அதுதான். மிக்ஸி வாங்கினாலும், தண்ணி மோட்டார் மாட்டினாலும், முதலில் கையால் ஒரு சுற்று. சுற்றினோம். எங்கும் இடிக்கவில்லை. லேஸை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில், சம்பந்தி, அது ஓடியது. ஷெட் முழுக்கப் புகை. பேத்தி வீறிட்டாள். என் வீட்டம்மா ஸ்தோத்திரம் சொன்னாள். பியூலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா, ஓடுதுப்பா!" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டிருப்பார்கள். நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள். புடுபுடு, டக். புடுபுடு, டக். கையை நீட்டி நீங்களே நிறுத்திவிட்டீர்கள்.

"டக்குனு ஒரு சத்தம் வருது. இன்னும் முடியல."

பியூலா என்னைப் பார்த்தாள். "பாத்தீங்களா மாமா?" என்றாள். அவ்வளவுதான். எல்லாரும் காபி குடிக்க உள்ளே போனார்கள். எனக்கு உங்கள் மேல் அப்படி ஒரு கோபம். "யோவ், ஓடிச்சே! அவளே சொன்னாளே! வுட்டுட வேண்டியதுதானே?" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. சம்பந்தியை யோவ் என்று கூப்பிட்ட முதல் ஆம்பூர்க்காரன் நானாகத்தான் இருப்பேன்.

"டக்கு வெச்சினு ஓடிச்சுன்னு சொன்னா, நானே நம்ப மாட்டேன் சம்மந்தி" என்றீர்கள்.

அடுத்த வாரம் நான் வந்தபோது மேஜையில் என் இரண்டு அட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நீங்கள் ஒன்றின் மேல் ஒன்றை, நான் எழுதிய பக்கம் மேலே தெரிய, வைத்துக் காட்டினீர்கள். பொருந்தவில்லை. ஒன்றைத் திருப்பி வைத்தீர்கள். பொருந்தியது.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. எங்கள் செக்‌ஷனில் யாரும் இரண்டு காலுக்கும் வரைய மாட்டோம். ஒரு காலுக்கு வரைந்து, அட்டையைத் திருப்பிப் போட்டால் மறு கால். இரண்டாவது வால்வு என்று நீங்கள் சொன்னதும் என் கை தானாகத் திருப்பிவிட்டிருக்கிறது. இரண்டு முட்டையும் ஒரே தண்டில் ஒரே பக்கம் சுற்றுகின்றன என்பது அதற்குத் தெரியவில்லை. அதனால் புகை வால்வு மட்டும் மெதுவாகத் திறந்து, சட்டென்று அடித்து மூடியது. அதுதான் டக். அளவெல்லாம் சரியாக இருந்ததால் உங்கள் கைச்சுற்றிலும் அகப்படவில்லை.

"இடது கால் கரெக்டு. வலது கால் கரெக்டு. இன்ஜினுக்கு ஒரு ஜோடி ஷூ தெச்சுக் குடுத்துருக்கீங்க" என்று சொல்லி, அந்தத் தண்டைத் துணியில் துடைத்து என் கையில் வைத்தீர்கள். "வெச்சிக்கங்க. உங்க சைஸ்தான்."

அது என் டிபன் பைக்குள் போனது அன்றைக்குத்தான்.

மறுபடி ஒரு இரும்புத் தண்டு, மறுபடி அரம். இந்த முறை நான் அட்டையைத் தொடவே இல்லை. ஒரு புதன்கிழமை, கம்பெனியில் இருக்கும்போது உங்கள் போன் வந்தது. என் பக்கத்தில் தோல் வெட்டும் பிரஸ் வரிசையாக அடித்துக்கொண்டிருந்தது.

"சம்மந்தி, கேளுங்க" என்று போனை எங்கோ நீட்டினீர்கள்.

"ஒண்ணும் கேக்கல!" என்று கத்தினேன்.

"அதான்! டக்கு கேக்குதா?"

"ஒண்ணுமே கேக்கல சம்மந்தி!"

"அதான் சொல்றேன்!" நீங்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "யார்ட்டயும் சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம எல்லாரும் வரட்டும்."

வாயில் எதுவும் தங்காதவன் அந்த வாரம் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திருந்தோம்தான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு பியூலா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "மாமா, அப்பா இன்ஜின சரி பண்ணிட்டாரா?"

"பண்ணிட்டாரும்மா. போன்ல கேட்டேன்."

"இன்னா கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தோடு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். உறவுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். உலகத்தில் அந்த இன்ஜினுக்கு ஒரே ஒரு சாட்சி, அவனும் ஒன்றும் கேட்காத சாட்சி.

ஷெட் பூட்டியே கிடந்தது. சம்பந்தியம்மா சாவியைக் கொடுக்கவும் இல்லை, கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. பியூலா அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் சொல்வதை விட்டுவிட்டாள். என் தொப்பையைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும், பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொள்வாள். அந்த நிறுத்தம்தான் எனக்குத் தாங்கவில்லை. ஓடாமல் இருந்தால் என்ன செய்வது? பிரஸ் சத்தத்தில் நான் கேட்காமல் போனது ஓட்டத்தையா, டக்கையா? ஓட்டிப் பார்த்து ஓடாவிட்டால், அந்தச் சொல் காலத்துக்கும் உங்கள் பெயரில் நின்றுவிடும். ஓட்டாமலே விட்டாலும் நிற்கும்.

மழைக்கு முன் ஒருநாள் சம்பந்தியம்மாவே சாவியை மேஜையில் வைத்து, "எலி பூந்துடும் அண்ணா, பாருங்க" என்றார்கள். எலி மேல் அவ்வளவு அக்கறை. பெட்ஷீட்டை எடுத்தேன். பெட்ரோல் ஊற்றினேன். பியூலா வாசலில் குழந்தையோடு நின்றாள். லேஸைச் சுற்றப்போனவன், நிறுத்தி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். பிறகு இழுத்தேன். ஒன்றுமில்லை. இழுத்தேன். ஒன்றுமில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. அதற்கடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது.

புடுபுடு. புடுபுடு. அவ்வளவுதான் சம்பந்தி. பூப்போல உட்கார்ந்தது உங்கள் வால்வு.

பியூலா உங்களை மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்டாள். பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை கேட்டாள். "முடிச்சிட்டாரு" என்றாள்.

இப்போது உங்கள் பேத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பயந்தது நடந்துவிட்டது. அவள் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில், "ஏலகிரிக்கு எப்போ தாத்தா போறோம்?" என்று கேட்டாள். "போலாம், போலாம்" என்றேன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். சமையலறையிலிருந்து பியூலா, பழைய பியூலாவாகவே, "அப்பா இன்ஜின் ஓடறப்போ" என்று குரல் கொடுத்தாள்.

பேத்தி கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தாள். ஷெட்டுக்குப் போனாள். பூட்ஸ் லேஸோடு திரும்பி வந்தாள்.

"ஓட்டு தாத்தா."

ஓட்டினேன். வேறு என்ன செய்ய? விவரம் புரிய ஆரம்பித்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த தாத்தா இன்ஜின், இழுத்தால் ஓடுகிற இன்ஜின். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஓடுதுல்ல? கெளம்பு" என்று சொல்லி வாசலுக்குப் போய் செருப்பை மாட்டிக்கொண்டாள். குனிந்து பார்த்தேன். இடதை வலதிலும் வலதை இடதிலும் போட்டிருந்தாள். அதை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு ஏலகிரிக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் அவள் என் மடியில் உட்கார்ந்து, பசிக்கிறது என்று டிபன் பைக்குள் கையை விட்டு, ஊறுகாய் டப்பாவைத் தள்ளிவிட்டு, உங்கள் கைபட்ட அந்தத் தண்டை எடுத்தாள். மலை ஏறி முடிக்கும்வரை அதை விரலால் சுற்றிக்கொண்டே வந்தாள்.